பதிலி

பாய், நேற்று உங்கள் மகள் வந்து ஒரு பழைய அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள். உங்கள் பெட்டியில் இருந்ததாம். மில் எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. உங்கள் பெயருக்குக் கீழே 'பதிலி' என்று அச்சடித்திருக்கிறது.

அந்த மண்ணாங்கட்டிச் சொல்லை மறந்தே போயிருந்தேன். வேலைக்கு வராதவன் இடத்தில் நிற்கிறவன் பதிலி. அறுபதுகளில் திருப்பூர் நூல் மில் கேட்டுக்கு வெளியே, காலைச் சங்கு ஊதும்வரை நாம் இருவரும் நிற்போம். எவனாவது வரவில்லையென்றால் மேஸ்திரி கூப்பிடுவார். எல்லோரும் வந்துவிட்டால் மதியச் சோற்றுத் தூக்குப்போசியோடு திரும்ப வேண்டியதுதான். ஆறு வருஷம் அப்படி.

"நம்ம 'பதிலி'ங்கற பேரு எங்கிருந்து வந்துச்சு தெரியுமுங்களா? அரபியில 'பதல்'னா ஒண்ணுக்கு மாத்தா இன்னொண்ணு. பதில் சொல்றமே, அந்தப் பதிலும் அதுதானுங்க" என்றீர்கள், மதரசாவில் கேட்டதாக.

"சும்மா இருங்க பாய், பதிலு சுத்தத் தமிழு" என்று சண்டைக்கு வந்தேன். "நீங்க சொல்றதையே வெச்சுக்கிட்டாலும், நாம எந்தக் கேள்விக்குங்க பதிலு?"

"இன்னிக்கு அடுப்பு எரியுமாங்கற கேள்விக்குத்தான்" என்று சிரித்தீர்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது.

பிறகு ஒருநாள் மேஸ்திரி, "ஒரு பெர்மனென்ட் எடம் இருக்குது. நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க, மேனேஜர் ஒருத்தர எடுப்பாரு" என்றார். என் மனைவி நிறைமாதம். உங்களுக்கு மூன்று குழந்தைகள். சாயங்காலம் முருகன் கோயிலுக்குப் போய், பாய் நாளைக்கு வரக்கூடாது என்று வேண்டினேன். ஆமாம், உங்கள் பெயரைச் சொல்லியே வேண்டினேன். இதைச் சொல்லாமலேயே உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்தேன்.

நீங்கள் வரவில்லை. வேலை எனக்குக் கிடைத்தது. மாலையில் ரயிலைப் பிடித்து ஊத்துக்குளிக்கு, உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தேன். "காச்சலுங்க" என்றீர்கள். நெற்றியைத் தொட்டேன், சில்லென்று இருந்தது.

"எறங்கிப் போச்சுங்க. நீங்க உள்ள போயிட்டீங்கல்ல, அது போதும்."

அதன்பிறகும் நாலு வருஷம் நீங்கள் கேட்டுக்கு வெளியே நின்றீர்கள். உங்களைத் தாண்டித்தான் தினமும் உள்ளே போனேன். கேட்க வாயெடுப்பேன். சங்கு ஊதிவிடும்.

அன்றைக்கு உங்களுக்கு நிஜமாகவே காய்ச்சலா என்று நேற்று உங்கள் மகளிடம் கேட்டேன். "எனக்கெப்படீங்க மாமா தெரியும்? அப்ப நான் கைக்கொழந்தை" என்கிறாள். நியாயம்தானே.

காய்ச்சல் என்றால் என் வேண்டுதல் உங்களைப் படுக்கவைத்திருக்கிறது. இல்லையென்றால், நீங்களாக விட்டுக்கொடுத்த சோற்றை இத்தனை வருஷம் தின்றிருக்கிறேன். எது நிஜம், பாய்? எது நிஜமாக இருந்தால் என் மனசு ஆறும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.