அக்கலேசியாவும் இருபது நிமிடச் சாப்பாடும்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். கொட்டிவாக்கத்திலிருந்து தி.நகர் வரை பஸ்ஸில் நின்றபடியே. பட்டுப்புடவை செக்‌ஷனில் நல்ல கூட்டம். மதியம் சாப்பிடவில்லை. இதோடு ஒரு மாதம். சோறு நெஞ்சில் நிற்கிறது, பிறகு மேலே வருகிறது. சாப்பாட்டுக்கு இருபது நிமிடம்தான். நாங்கள் எழுந்தால்தான் அடுத்த பேட்ச் உட்கார முடியும்.

அடுத்த பேட்ச் செல்வி: "இன்னாக்கா, இன்னும் வெரதம் முடியலியா?"

விரதம் என்று அவர்களாகவே முடிவு கட்டினார்கள். நானும் தலையாட்டிவைத்தேன். இப்போது சூப்பர்வைசர் அண்ணாச்சி, கடைச் சாமி படத்துக்கு என் கையால்தான் பூப்போடச் சொல்கிறார். பதினொரு கிலோ இளைத்திருக்கிறேன். பக்தியாம்.

ஜூலை 10, வியாழன்

லீவு. ஆஸ்பத்திரி. மூக்கு வழியாக டியூப் விட்டுப் பார்த்த ரிசல்ட். டாக்டரம்மா பெயர் சொன்னார், புரியவில்லை. எழுதி வாங்கினேன். ஏ சி ஹெச் ஏ எல் ஏ எஸ் ஐ ஏ. சி ஹெச்சை 'க' என்று சொல்ல வேண்டுமாம். அக்கலேசியா.

கிரேக்கச் சொல். கலாசிஸ் = தளர்வது. முன்னால் 'அ' போட்டால் தளராதது. (நம் நீதி, அநீதி மாதிரி.) விழுங்கும்போது உணவுக்குழாயின் அடிவாய் திறந்து கொடுக்காது. அவ்வளவுதான். விரதமும் இல்லை, பக்தியும் இல்லை.

"ஆபரேஷன் வரைக்கும் பட்டினி கிடக்காதீங்க. வெந்நீர் குடிச்சுக் குடிச்சு மெதுவா சாப்பிடுங்க. அரை மணிக்கு மேல ஆனாலும் பரவாயில்ல."

பஸ்ஸில் அந்தப் பெயரைப் பத்து தடவை சொல்லிப் பார்த்தேன். அழுகை வந்தது. அதைவிடக் கோபம், அந்த இருபது நிமிடத்தின் மேல்.

ஜூலை 11, வெள்ளி

பிளாஸ்க், இட்லி 3, டாக்டர் சீட்டு ஜெராக்ஸ்.

கடை திறந்ததும் அண்ணாச்சியிடம் சீட்டைக் கொடுத்தேன். "விரதமில்ல அண்ணாச்சி, நோய். பொய் சொன்னது தப்பு. இனிமே சாப்பிட நாப்பது நிமிஷம் வேணும்."

"ஒருத்திக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாவல்லா? நடக்காது."

மதியம் உட்கார்ந்தேன். ஒரு வாய், ஒரு மடக்கு வெந்நீர். பெல் அடித்தது. மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். அடுத்த பேட்ச் என் நாற்காலிக்குப் பின்னால். வாசலில் அண்ணாச்சி. "எந்திரிம்மா. ஆளு நிக்காவல்லா."

பயம்தான். இந்த வேலை போனால் அடுத்த மாதம் வாடகைக்கு எங்கே போவது. ஆனாலும் மென்றேன்.

செல்வி தட்டோடு சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். "அக்கா துண்ணட்டும் அண்ணாச்சி. எங்களுக்குத் தரை கீது." அவளைப் பார்த்து இன்னும் நான்கு பேர் தரையில்.

அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றரை இட்லி பாக்கி இருந்தது. முழுதும் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன்.