சுவரொட்டியில் இடமில்லாத பெல்ஜியம்

இன்று காலை மேற்குத் தாம்பரம் ஸ்டேஷன் சுவரில் ஒரு மாடு உன்னைத் தின்றுகொண்டிருந்தது. மைதாப் பசை காய்ந்த பிறகும் அதற்கு ருசிக்கிறது போலிருக்கிறது. கீழே இருந்த உறவினர் பெயர்களை முடித்துவிட்டு உன் மோவாய் வரை வந்திருந்தது. நான் டிக்கெட் வரிசையை விட்டு வந்து அதை விரட்டினேன். உன் மேல் பரிதாபப்பட்டு அல்ல. படத்துக்கு மேலே இருக்கும் உன் பெயர் வரியை இன்னும் நாலு பேர் படிக்க வேண்டும் என்பதற்காக. அந்தக் கண்ணீர் அஞ்சலியை எழுதியவன் நான்.

எனக்கு பெல்ஜியத்திலிருந்து கவர் வந்த வருடத்தை நீ மறந்திருக்க மாட்டாய். எண்பதுகளின் நடுப்பகுதி. இருவரும் பி.காம். முடித்து, கிண்டியில் ஒரே கம்பெனியின் கணக்குப் பிரிவில் எதிரெதிர் மேஜைகளில் உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கிடைத்தது நிர்வாகவியலில் ஒரு வருட மாஸ்டர்ஸ் படிக்க இடம். கூடவே ஒரு வழவழப்பான கையேடு. அதன் அட்டையில் ஒரு கால்வாய், கரையில் சாய்த்து வைத்த சைக்கிள். அந்த நாட்களில் ரயில் பல்லாவரத்தைத் தாண்டும்போதெல்லாம், ஜன்னலுக்கு வெளியே தேங்கி நின்ற மழைத்தண்ணீரின் ஓரத்தில் நான் அந்தச் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பேன்.

அந்தப் படிப்பு அத்தனை செலவுக்குப் பெறுமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. பெருங்களத்தூரில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்க அப்பா தயாராக இருந்தார். அதாவது, உன்னிடம் யோசனை கேட்கும் வரை தயாராக இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த காபியைக் குடித்தபடி நீ சொன்னாய்: “அமெரிக்கான்னா நானே ஏர்போர்ட்டுல கொண்டுபோய் விடுவேன் அங்கிள். பெல்ஜியத்தை நம்ம ஊர்ல யாருக்குத் தெரியும்?”

“ஒரு வருஷம்தானாம்ப்பா. சீக்கிரம் வந்துடுவான்” என்றார் அப்பா.

“அதைத்தான் சொல்றேன். டைப்ரைட்டிங் லோயரும் ஹையரும் முடிக்கவே நமக்கு ஒரு வருஷம் ஆகுது. அதே ஒரு வருஷத்துல மாஸ்டர்ஸ் குடுக்கறான்னா, அவனை என்னன்னு நம்பறது?”

அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் மனை பிழைத்துக்கொண்டது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கையை நீட்டினாய். “அந்த புக்கைக் குடு மச்சான். வச்சிருந்தா பாத்துப் பாத்து ஏங்குவே. எங்கம்மா அலமாரியில விரிச்சுப்பாங்க.” நல்ல கனமான காகிதம். கொடுத்தேன்.

அடுத்த வருடம் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கு உங்கள் தெருவே வேனில் வந்தது. உன் பெட்டியின் ஒரு பக்கத்தை நான்தான் தூக்கினேன். அதே பெல்ஜியம், அதே கல்லூரி, அதே ஒரு வருடம். எப்படி என்று கேட்டேன்.

“இப்ப நிலைமை மாறிடுச்சு மச்சான்.”

என்ன மாறியது என்று கன்னிமாரா நூலகத்தில் பழைய பத்திரிகைகளை எல்லாம் புரட்டினேன். பெல்ஜியம் இருந்தபடியே இருந்தது. போகிற ஆள்தான் மாறியிருந்தான்.

திரும்பி வந்த பிறகு உன் பெயர் தனியாக வெளியே வந்ததே இல்லை. வாசல் சலவைக்கல்லில், விசிட்டிங் கார்டில், எங்கும் பட்டம் அதன் கையைப் பிடித்துக்கொண்டே வந்தது. திருநீர்மலையில் நடந்த உன் கல்யாணத்துக்கு அச்சடித்த பத்திரிகையில், பெருமாளுக்கு அடுத்த பெரிய எழுத்து பெல்ஜியத்துக்குத்தான். படப்பையில் மாமனாரின் அட்டைப்பெட்டி கம்பெனிக்கு ஜெனரல் மேனேஜர் ஆனாய். அந்தப் படிப்பு பெறுமா என்ற கேள்விக்கு நியாயமாகப் பதில் சொல்வதானால் இதையும் சேர்க்க வேண்டும்: பட்டம் இல்லாமல் அந்த மாமனார் இல்லை, மாமனார் இல்லாமல் அந்த வேலை இல்லை. அட்டைப்பெட்டிக்கும் பட்டத்துக்கும் நேரடி உறவு எதையும் நான் பார்க்கவில்லை.

அதைக்கூட விட்டிருப்பேன். உன் கல்யாணப் பந்தியில், என் தோளில் கை போட்டு, உன் மாமனாரிடம் என்னை அறிமுகம் செய்தாய். “இவனுக்கும் அதே காலேஜ்ல கெடைச்சுது மாமா. தைரியம் பத்தல.”

நான் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து உடைத்தேன்.

போன வாரம், நாற்பதுகூட ஆகாத வயதில், மாரடைப்பில் போய்விட்டாய். இதை நான் எதிர்பார்க்கவில்லை. உன் விஷயத்தில் நான் நீண்டகாலத் திட்டங்கள் வைத்திருந்தேன்.

உன் மனைவி அழுகைக்கு நடுவே என்னைக் கூப்பிட்டாள். “அண்ணா, உங்களுக்குத்தான் தமிழ் நல்லா வரும். போஸ்டருக்கு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க.” உன் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பார்த்துப் பழகியது. பட்டத்தோடுதான் எழுதினேன். அதுவரை என் மனதில் கெடுதல் எதுவும் இல்லை.

அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். “சார், பேருக்குப் பின்னால இம்மா நீட்டுக்குக் கீதே, இது இன்னா?”

“படிப்பு.”

“பி.காம். தெரியும். அதுக்கு அப்பால கீறது?”

“பெல்ஜியத்துல படிச்சது.”

“அது எங்க கீது? ஜனங்க ரயிலுக்கு ஓடிக்கினே படிக்கிறது சார் இது. போடணுமா?”

அத்தனை வருடங்களாக யாரும் என்னிடம் இவ்வளவு மரியாதையாக ஒரு கேள்வி கேட்டதில்லை. “நம்ம ஊர்ல யாருக்குத் தெரியும்? எடுத்துடுங்க” என்றேன். வார்த்தை உன்னுடையது. குரலும் ஏறக்குறைய உன்னுடையதாகவே வந்தது.

அவர் இடுக்கியால் உன் பட்டத்தின் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எழுத்துப் பெட்டியின் அறைகளில் திருப்பிப் போடப் போனவரிடம் கையை நீட்டினேன்.

“இத்த வெச்சுக்கினு இன்னா சார் பண்ணுவ?”

“அலமாரியில வைப்பேன்.”

சுவரொட்டியைப் பார்த்துவிட்டு உன் மனைவி கேட்டாள்: “அவர் படிப்பை விட்டுட்டாங்களே அண்ணா.”

“எடம் பத்தலம்மா.”

“பரவால்ல. வருஷ அஞ்சலிக்குச் சேத்துக்கலாம். அதையும் நீங்கதான் எழுதணும்.”

“வருஷா வருஷம் எழுதறேம்மா” என்றேன்.

எழுத்துகளை அலமாரியில் வைக்கவில்லை. மாட்டை விரட்டிவிட்டு ரயில் ஏறியபோதும் சட்டைப் பையில்தான் இருந்தன. ஈயம் அளவுக்கு மீறிக் கனக்கிறது. சட்டை ஒரு பக்கமாக இழுக்கிறது. பல்லாவரம் தாண்டும்போது உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்ன அது என்று கேட்டிருந்தால், பெல்ஜியத்தில் நான் வாங்கிய பட்டம் என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், பெல்ஜியத்தை இங்கே யாருக்குத் தெரியும்.