இறங்காத கருங்குரங்கு

பாண்டுங், மார்ச் 4

எங்கோஸ்,

நன்றாகத்தான் இருப்பாய். நாம் இருவரும் சேர்ந்து எழுதி, நீ மட்டும் சிங்கப்பூருக்குக் கொண்டுபோன கணினி விளையாட்டுகளுக்கான நிரல் நூலகத்தைப் பற்றி எழுதுகிறேன். அதை வைத்து நான் செய்த புதிய விளையாட்டில் கருங்குரங்கு குதித்தால் இறங்குவதில்லை. மேலே போய்க்கொண்டே இருக்கிறது. என் வீட்டுக் கணினியில் ஒழுங்காக இறங்குகிறது. இணையக் கடைக் கணினியில்தான் இந்தக் கூத்து. கடைக்கார உஜாங், "என்ன காங், உங்க கொரங்குக்கு மேல யாராவது சொந்தக்காரங்க இருக்காங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் நடக்கும் கணினி விளையாட்டுக் கண்காட்சியிலும் இந்த ஊர்க் கணினிகள்தான். அங்கேயும் சிரிப்பார்கள். பார்த்துச் சொல்.

யாயத் குஸ்வாரா

சிங்கப்பூர், மார்ச் 9

அன்புள்ள காங் யாயத்,

கோபம் இன்னும் ஆறவில்லையா, அண்ணா? அண்ணியை விசாரித்தேன் என்று சொல்லுங்கள். இங்கே எல்லாக் கணினியிலும் குரங்கு அழகாக இறங்குகிறது. பிசகு உங்கள் நிரலில்தான். வழக்கம்போல அவசரப்பட்டிருப்பீர்கள்.

என்றும் தம்பி,
எங்கோஸ்

பாண்டுங், மார்ச் 15

எங்கோஸ்,

அவசரமா? படங்களை நீக்கி ஓட்டினேன், பறந்தது. ஒலியை நீக்கினேன், பறந்தது. கடைசியில், குரங்கைக் கீழே இழுக்கும் ஈர்ப்பு எவ்வளவு என்று திரையிலேயே காட்டச் சொன்னேன். சுழியம்! கோப்பில் இருப்பதோ 0.5.

என் கணினி ஆங்கிலத்தில் இருக்கிறது, கடைக் கணினி நம் இந்தோனேசிய மொழியில். அரையை நம் ஊரில் 0,5 என்றுதானே எழுதுவோம்? உன் நூலகம் எண்ணை ஊர் வழக்கப்படி வாசிக்கிறது. கால்புள்ளியை எதிர்பார்த்த கணினி, புள்ளியைக் கண்டதும் அதற்கு முன்னால் இருந்த சுழியத்தோடு நின்றுவிட்டது. கால்புள்ளி போட்டுக் கணக்குப் படித்தவன் நீ. உனக்குக்கூடவா தோன்றவில்லை?

திருத்தம் இணைத்திருக்கிறேன். நூலகத்தின் முகப்பில் நீ அழித்த என் பெயரைத் திரும்பப் போட்டு, அதைச் சேர்.

யாயத்

சிங்கப்பூர், மார்ச் 20

அன்புள்ள காங்,

நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் இந்தப் பதிப்பில் கைவைக்க என் நிறுவனத்தில் விடமாட்டார்கள். ஆண்டுக் கடைசியில் பார்ப்போம். அதுவரை, விளையாடுகிறவர்கள் கணினியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளட்டும். ஒரு நிமிட வேலை. பெயர் விவகாரம் இப்போது எதற்கு?

எங்கோஸ்

பாண்டுங், மார்ச் 22

எங்கோஸ்,

உன் யோசனையை உஜாங்கிடம் சொன்னேன். "கொரங்கு எறங்கணும்னா நான் வெள்ளைக்காரனா மாறணுமா? போங்க காங்!" என்றான். நானும் அதையே சொல்கிறேன். இந்த ஊர் தன் எண்ணை மாற்றி எழுதாது.

நம் நூலகத்தை யாரும் எடுத்துத் திருத்தி வெளியிடலாம் என்று உரிமம் எழுதியது நீதான். இன்று காலை திருத்தி, வேறு பெயர் சூட்டி வெளியிட்டுவிட்டேன். கண்காட்சிக்குப் போவது அதுதான். ஆண்டுக் கடைசியில் நீ எதையும் பார்க்க வேண்டாம். எனக்கு எழுதவும் வேண்டாம்.

உன் பெயரை அழிக்கவில்லை. அந்தப் பழக்கம் எனக்கில்லை. என் பெயருக்குக் கீழே இருக்கிறது.

யாயத் குஸ்வாரா