சூரியனில் இல்லாத பொட்டு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் எங்கள் வேலையை நாங்களே பார்த்துக்கொண்டு நடமாடுகிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், மீதியை உன் அப்பா போனை வாங்கிச் சொல்லிக் குட்டையைக் குழப்புவார், அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய தொலைநோக்கியைக் கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் நிறுத்தி, தினம் காலை ஒன்பது மணிக்குச் சூரியனைப் பார்க்கிறோம். முன்பக்கம் வெயிலை மட்டுப்படுத்தும் வெள்ளிக் காகித வடிகட்டியை மாட்டாமல் ஒரு நாளும் குனிந்ததில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நோட்டில் வட்டம் போட்டுச் சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளைப் பென்சிலால் வரைவேன், பிறகு அப்பா கேமராவை மாட்டிப் படம் எடுப்பார். போன மாதம் வட்டத்தின் நடுவில் ஒரு மங்கலான பொட்டைப் பார்த்து வரைந்தேன். மறுநாளும் அது அங்கேயே இருந்தது. சூரியன் சுற்றுவதால் மற்ற புள்ளிகள் நாளுக்கு நாள் நகர்ந்து இரண்டு வாரத்துக்குள் ஓரத்தைத் தாண்டிப் போய்விடும், இது மட்டும் ஒன்பது நாளாகச் சட்டமாக உட்கார்ந்திருந்தது. அப்பாவின் படத்திலோ அதைக் காணோம். உங்க கேமராவுக்குப் பார்வை போச்சு என்றேன். மனுஷன் மூன்று தடவை லென்ஸைத் துடைத்தார், ஃபோகஸைத் திருகினார், கடைசியில் எரிச்சல் தாங்காமல், கேமராவுக்கு ஒண்ணுமில்ல, உன் கண்ணுதான் நொள்ளை என்று கத்தினார். பேச்சுக்குத்தான் சொன்னார். அவர் வாயை அடைக்க வேண்டும் என்று இடது கண்ணால் பார்த்தேன். பொட்டு இல்லை. வலது கண்ணால் பார்த்தேன். இருந்தது. முப்பது வருஷம் எக்ஸ்ரே அறையில் நின்று, இது நெஞ்சில் இருக்கும் புள்ளியா, பிலிமில் இருக்கும் அழுக்கா என்று சொல்லியே சம்பளம் வாங்கியவள், என் கண்ணில் இருப்பதைக் கொண்டுபோய்ச் சூரியன் தலையில் கட்டியிருக்கிறேன் பார்.

கண் டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். விழியின் உள்ளே பின்பக்கம் நடுவில் ஒரு மெல்லிய இரத்தக்குழாய் கசிகிறதாம், வயசுக்கோளாறாம். சூரியனைப் பார்த்ததாலா என்று மூன்று தடவை கேட்டேன், இல்லவே இல்லம்மா என்று மூன்று தடவையும் சொன்னார். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடுமாம், பலர் ஆறு மாதம் கழித்துத்தான் வருவார்களாம். அதனால் நான்தானே தொலைநோக்கியை வாங்கி அனுப்பினேன் என்று நீ மூக்கைச் சிந்தாதே. கண்ணிலேயே ஊசி, மூன்று மாதத்துக்கு மூன்று. முதல் ஊசி போட்டாயிற்று, எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. பார்வை எவ்வளவு நிற்கும் என்று இப்போது சொல்ல முடியாதாம். கண் நொள்ளை என்று சொன்ன வாய் தன்னுடையது என்பதால் உன் அப்பா ஒரு வாரமாகக் குழம்பில் உப்பில்லை என்றுகூடச் சொல்வதில்லை, நேற்று வேண்டுமென்றே உப்புப் போடாமல் வைத்தேன், வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இடது கண்ணை மூடிக்கொண்டு அவரைப் பார்த்தால் சட்டை தெரிகிறது, காது தெரிகிறது, முகம் இருக்க வேண்டிய இடம் கலங்கிக் கிடக்கிறது. லீவு போட்டுவிட்டு ஓடி வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி எழுதி அடித்திருக்கிறேன், மேலே பார். பயமாக இருக்கிறது பாப்பா.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். இரண்டாவது ஊசி அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி. அதற்குள் ஒரு நடை வந்து என் எதிரில் உட்கார், உன் முகத்தை வலது கண்ணால் பார்த்து வைத்துக்கொள்கிறேன், எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு.

இப்படிக்கு,
உன் அம்மா