விட்டுப்போன 'கூ'

ஜனவரி 14
காலை எட்டு. கிழக்கு மலையில் புதுப்பனி, முழங்கால் அளவு. வயர்லெஸ்ஸில் சொன்னேன்: "இன்னிக்கு யாரும் கணவாய் ஏறாதீங்க."
வேன் ஓட்டும் தொக்தோசுன் அண்ணன் கேட்டார்: "சகின், உன் மலைக்கு என்னிக்குத்தான் மனசு நல்லாயிருக்கும்?"
சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். என் வீட்டுக்காரர் குபாத் போய் இரண்டு குளிர்காலம். அன்று இந்தக் காவல் குடிசை இல்லை, ஏறாதே என்று சொல்ல ஆளில்லை. மந்தையோடு போனவரை ஆறு நாள் கழித்துத்தான் பனியிலிருந்து எடுத்தோம்.

ஜனவரி 20
நாரின் ஊரில், எனக்குச் சம்பளம் தரும் சங்கத்தின் கூட்டம். புது இயக்குநர் சினாரா தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்தவள். சுவரில் மூன்று பெரிய தாள்: மேய்ச்சல் நிலம், பெண்கள் பிழைப்பு, பள்ளிப் பிள்ளைகள். இனி சங்கத்தின் இலக்கு இந்த மூன்றுதானாம்.
"அவங்கவங்க வேலைப் பேரை மஞ்சத் தாள்ல எழுதிக் குடுங்க. எது எதுல சேருதோ அதுக்குக் கீழே ஒட்டறேன். எதுலயும் சேராதது ஏப்ரலோட நின்னுடும்."
என் வேலை பனிச்சரிவுக் காவல். அது எதில் சேரும்? எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படியோ எழுதிக் கொடுத்தேன்.

ஜனவரி 21
குடிசையை மூடினால் காலை எட்டு மணிக்கு யார் சொல்வார்கள்?

பிப்ரவரி 3
தொக்தோசுன் அண்ணன் மாவு மூட்டை கொண்டுவந்தார். "உன் வேலை பொழைச்சுதும்மா! மேய்ச்சலுக்குக் கீழே ஒட்டியிருக்காங்க." அப்புறம் கண்ணைச் சுருக்கினார். "ஆனா 'கோச் காவல்'னு எழுதியிருக்கே. எப்போலேருந்து ஆட்டு மந்தைக்குக் காவல் போறே?"
நான் எழுத நினைத்தது கோச்கூ. பனிச்சரிவு. கோச் என்றால் வீடும் மந்தையுமாக மேய்ச்சலுக்குப் பெயர்ந்து போவது. கடைசி 'கூ'வை விட்டுவிட்டேன். எட்டாவதோடு படிப்பை விட்டவள் லட்சணம்!
"வாயைத் தெறக்காதே. எழுத்துதானே, தானா விழுந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 9
சொன்னால் குடிசை போகும். சொல்லாவிட்டால்? கதவு தட்டினாலே சினாராதான் என்று எழுந்து நிற்கிறேன். காற்றுதான். எல்லாம் காற்றுதான்.

பிப்ரவரி 20, வியாழன்
குபாத்துக்காக ஏழு ரொட்டி பொரித்தேன். எண்ணெய் வாசம் இறந்தவர்களுக்குப் போய்ச் சேரும் என்பார்கள். வேண்டிக்கொண்டது என்னவோ எனக்காகத்தான்.

மார்ச் 6
நாளை சினாரா வருகிறாள். எத்தனை மந்தை போனது என்று பார்க்கவாம். என் நோட்டில் பனிதான் இருக்கிறது. கிழித்துப் போட்டுவிடலாமா? ஐயோ, என்ன யோசிக்கிறேன்.

மார்ச் 7
நோட்டைப் புரட்டினாள். "மந்தை எங்கேக்கா?"
சொல்லிவிட்டேன். "'கூ' விட்டுப்போச்சும்மா. அதை வேணும்னு செய்யலை. ஆனா தெரிஞ்சப்புறமும் ஒரு மாசமா சொல்லலை. அது வேணும்னுதான்."
முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. "நிர்வாகக் குழு முன்னாடி உங்க 'கோச் காவலை'க் காட்டித்தான் பேசினேன், தெரியுமா?" ஊற்றிய டீயைத் தொடவில்லை.
அந்த நேரம் பார்த்து வயர்லெஸ். ஒரு மேய்ப்பன். "அக்கா, எழுநூறு ஆடு நிக்குது. ஏறட்டுமா?"
வெளியே போய்ப் பார்த்தேன். வெயில் பட்டு மேல் விளிம்புப் பனியில் ஒரு கீறல். "வேணாம் தம்பி. நாளைக்குப் பார்ப்போம்."
சினாரா ஜன்னலோரம் நின்றிருந்தாள். "எல்லா மந்தையும் இதே வழிதானா?"
"வேற வழி ஏது? என் வீட்டுக்காரரும் இதே வழியாத்தான் போனார்."
வண்டி ஏறிப் போய்விட்டாள்.

மார்ச் 8
மலை அசையவே இல்லை. மேய்ப்பன் திட்டினான்: "ஒரு நாள் வீணாப்போச்சு. உன் பயத்துக்கு எங்க ஆடு பட்டினி." ஒருவேளை பயம் மட்டும்தானோ? எனக்கு வேறு எதுவுமே தெரியாதோ?

மார்ச் 29
நாரினுக்குக் கூப்பிட்டார்கள். சாவியைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன், கேட்டால் கொடுத்துவிட.
யாரும் கேட்கவில்லை. என் மஞ்சத் தாள் மேய்ச்சலுக்குக் கீழே அதே இடத்தில் இருந்தது. என் கறுப்பு மைக்குப் பக்கத்தில், நீல மையில், வேறொரு கையெழுத்தில் அந்தக் 'கூ'.
சினாரா தலை நிமிராமல் சொன்னாள்: "நோட்டுல இன்னொரு கட்டம் போட்டுக்கோங்கக்கா. எத்தனை ஆடு காத்திருந்துதுன்னு."

ஏப்ரல் 2
காலை எட்டு. ஈரப்பனி. பயமாகத்தான் இருக்கிறது. ஏறாதீங்க என்றேன்.
காத்திருக்கும் ஆடு: நானூற்றுப் பத்து. மேய்ப்பர்: இரண்டு பேர்.