சைக்கிள் ஸ்டாண்டில் நின்ற ஏழு வண்டிகள்

இன்று காலை மருமகள் வினிகரைத் துணியில் தொட்டு ஃபிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் புளித்த நெடி கூடத்துக்கு வந்ததும் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டேன், அண்ணா. உங்கள் இருட்டறையின் நெடி அது. படம் கழுவி முடித்து என் மேசையில் வந்து சாய்ந்து நிற்பீர்கள். சட்டையெல்லாம் அதே வாடை. நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அறுபதுகளில் நான் நிருபராகச் சேர்ந்தபோதே உங்கள் பேர் பெரிது. உங்கள் படம் முதல் பக்கத்தில் வந்தால் அன்றைக்கு டீக்கடைகளில் பேப்பர் கைமாறிக் கைமாறியே கிழிந்துபோகும். முதன்முதலாக உங்களோடு வந்தது பழவேற்காட்டுக்கு, ஒரு புயலுக்கு மறுநாள். மற்ற பத்திரிகைக்காரர்கள் படகிலிருந்து இறங்குமுன்பே படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் கேமராவை வெளியே எடுக்காமல் அரைமணி நேரம் குப்பத்தைச் சுற்றி நடந்தீர்கள்.

"இன்னாண்ணா, வெளிச்சம் போய்டுமே" என்றேன்.

"மொதல்ல கண்ணு பாக்கட்டும்பா. பொட்டி அப்பால பாக்கும்."

அன்று நீங்கள் எடுத்தது நாலே படம். நான் நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிய எதுவும் அந்த நாலுக்கு ஈடாகவில்லை. அதற்குப் பிறகு எங்கே போனாலும் உங்கள் பின்னால் நடந்து, நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று பார்த்தேன். எழுதக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டி. ஓர் இரும்பு ஆலையில் உலை வெடித்துவிட்டது என்று ஆபீசுக்குத் தகவல் வந்தது. பாசஞ்சர் ரயிலைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. கேட்டைப் பூட்டியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை அதிகாரி ஒருவர் வந்து, "இறந்தது மூணு பேர், காயம் ரெண்டு பேர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எல்லோரும் எழுதிக்கொண்டோம். திரும்பிப் பார்த்தால் உங்களைக் காணோம்.

மதில் ஓரம் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தீர்கள். ஆலைச் சங்கு ஊதியது. அடுத்த ஷிப்ட்டை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தார்கள். வேலை முடிந்தவர்கள் தலையைக் குனிந்தபடி வந்து அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசி ஆளும் போனபின் ஏழு சைக்கிள்கள் நின்றன. ஒன்றின் முன்பாரில் குழந்தையை உட்காரவைக்கச் சின்ன சீட்டு. அதில் பூப்போட்ட சேலைத் துணி சுற்றியிருந்தது.

"அடிபட்டவங்க வண்டியா?" என்று காவலாளியைக் கேட்டீர்கள்.

"அத்த அவங்க சொந்தக்காரங்க அப்பவே தள்ளிகினு போய்ட்டாங்க சார்."

"அப்போ மூணு போவ மீதி நாலு யாருது?"

அவர் ஆலை கேட் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "காண்ட்ராக்ட் ஆளுங்க சார். ரிஜிஸ்டர்ல பேரு இருக்காது."

ஒரே ஒரு படம் எடுத்தீர்கள். ரயிலைப் பிடிக்க ஓடினோம். "இறந்தவர் மூவர் என்கிறது நிர்வாகம். வீடு திரும்பாத சைக்கிள்கள் ஏழு." படத்துக்குக் கீழே அந்த இரண்டு வரியை எழுதியவன் நான். எழுதிவிட்டு எவ்வளவு பெருமைப்பட்டேன்!

மறுநாள் ஊரே கொதித்தது. இரண்டே நாளில் இடிபாட்டை மறுபடி தோண்டி நாலு பேரையும் எடுத்தார்கள். குடும்பங்களுக்கு நஷ்டஈடும் கிடைத்தது. ஆபீசில் உங்களைக் கட்டிப்பிடிக்காதவர் இல்லை.

ஒரு வாரம் கழித்து, பொன்னேரியைத் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போனோம், அந்தச் சின்ன சீட்டு வண்டிக்காரரின் வீட்டுக்கு. அவர் மனைவிக்கு இருபத்தைந்து வயது இருக்குமா? இடுப்பில் குழந்தையோடு வாசலில் நின்றே பேசினார்.

"இன்னொரு ஷிப்ட்டும் சேத்துப் பாக்குறாருன்னு சோத்த மூடி வெச்சிகினு குந்தினு இருந்தேன் சார். காலைல டீக்கடையாண்ட பேப்பர சுத்தி ஒரே கும்பலு. எனக்குப் படிக்கத் தெரியாது. சும்மா எட்டிப் பாத்தேன். என் பொடவத் துணி சார் அது."

நீங்கள் கைகூப்பினீர்கள். அவர் கோபப்படவில்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார்.

"முந்தின நாளே அந்த வண்டியப் பாத்தீங்க இல்ல? ஊட்டாண்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"யாரு ஊடுன்னு தெரியலம்மா" என்றீர்கள்.

"வாட்ச்மேனுக்குத் தெரியும் சார். கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு."

பொன்னேரி ஸ்டேஷனில் இரண்டு ரயிலைத் தவறவிட்டு உட்கார்ந்திருந்தீர்கள். "படம் கெடச்சிச்சி, ஓடியாந்துட்டேன்பா. கேக்கணும்னு தோணவே இல்ல" என்றீர்கள். நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும், அண்ணா. உங்கள் வேலை பார்ப்பது, பார்த்தீர்கள். கேட்பது என் வேலை. நோட்டும் பேனாவும் கையில் வைத்துக்கொண்டு அந்தக் காவலாளிக்குப் பக்கத்திலேயே நின்றவன் நான். யாருடைய வண்டி, எந்த ஊர் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தப் பழியை நீங்கள் உங்களுடையதாக எடுத்துக்கொண்டீர்கள். நானும் எடுத்துக்கொள்ள விட்டுவிட்டேன். அந்தப் படத்துக்குப் பரிசு வந்தபோது மேடைக்குப் போக மறுத்தீர்கள். எல்லோரும் அடக்கம் என்றார்கள். எனக்குக் காரணம் தெரியும். அப்போதும் வாய் திறக்கவில்லை.

உங்கள் நினைவுக் கூட்டத்தில் அதே படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். உங்கள் மனைவி முன்வரிசையில் இருந்தார். நல்ல மனிதர், நல்ல கலைஞர் என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

பொன்னேரிக்குப் பிறகு நாம் சேர்ந்து போன ஒவ்வொரு சாவிலும், கேமராவைத் திறக்குமுன் என் பக்கம் திரும்புவீர்கள். "ஊடு எங்கன்னு கேளுபா." கேட்டேன். அந்த வீட்டுக்கு முதலில் நடந்துபோய்ச் சொல்லிவிட்டுத்தான் ஆபீசுக்குச் செய்தி கொடுத்தோம். பலமுறை மற்ற பேப்பர்கள் நம்மை முந்திக்கொண்டன. ஆசிரியரிடம் திட்டும் வாங்கினோம். நீங்கள் ஓய்வுபெற்ற பின்னும், நான் தனியாகப் போன காலம் முழுவதும், அதை மாற்றிக்கொள்ளவில்லை.

எத்தனை வாசல்களில் போய் நின்றிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு வாசலிலும் வாயைத் திறக்குமுன், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணின் முகம்தான் முன்னால் வரும்.