விழுந்தால் கூப்பிடும் வாட்ச்

ஏப்ரல் 8, புதன்
காலையிலேயே அனல். கரண்ட் இல்லை.
கூரியரில் ஒரு வாட்ச். மகள் கலா, சென்னையிலிருந்து. நேரம் பார்க்க அல்ல, நான் விழுந்தால் கண்டுபிடிக்க. முப்பது வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எனக்கே வேவு வாட்ச்.
விழுந்தால் அதிரும். 'நலமா?' என்று எழுத்து வரும். அரை நிமிஷத்துக்குள் 'நலம்' அழுத்தாவிட்டால் இரண்டு பேருக்குப் போன் போகும். கலாவுக்கு. அப்புறம் பக்கத்து வீட்டு ஆரோக்கியசாமிக்கு.
"அவன் எதுக்கும்மா?"
"நான் என்ன பறந்தா வர முடியும்? அவருதாம்ப்பா பக்கத்துல இருக்காரு."
இருக்கிறான். என் இடத்தில் ஓரடி தள்ளி மதில் கட்டிக்கொண்டு. ஏழு வருஷமாகப் பேச்சில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி
கரப்பானைச் செருப்பால் ஓங்கி அடித்தேன். வாட்ச் அதிர்ந்ததைக் கவனிக்கவில்லை. மூன்றாவது நிமிஷம் கேட்டில் ஆ.சாமி. மடித்த கைலி, வாயெல்லாம் பேஸ்ட் நுரை.
"என்னங்க சார், விழுந்துட்டீங்களாமே?"
முகத்தில் என்ன பூரிப்பு. பதிலுக்குச் செருப்பைக் காட்டினேன். எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 11, சனி
வாங்க வேண்டியது: பி.பி. மாத்திரை, பல்பு, கரப்பான் மருந்து.
தேங்காய் உடைத்தேன். மறுபடி அவன், இந்தத் தடவை பெண்டாட்டியோடு. அந்தம்மா கையில் பிளாஸ்க் வேறு. துக்கம் கேட்க வந்தது மாதிரி.
அவன் பேரை எடு என்றேன். கலா மாட்டேன் என்கிறாள். சரி. இனி அதிர்ந்தால் உடனே 'நலம்'.

ஏப்ரல் 15, புதன்
அறந்தாங்கி ஆஸ்பத்திரி. இடுப்பெலும்பு முறிவு. நாளை மறுநாள் ஆபரேஷன்.
திங்கள் காலை எட்டரை. துவைக்கிற கல்லடியில் பாசி. வழுக்கி விட்டது. வாட்ச் ஒழுங்காகத்தான் கேட்டது, 'நலமா?' அவன் கைலியை மடித்துக்கொண்டு வருவது கண்ணுக்குள் வந்தது. 'நலம்' அழுத்தினேன்.
எழுந்திருக்க முடியவில்லை. நாமாகக் கூப்பிடவும் அதில் வழி உண்டாம். கலா சொல்லிக்கொடுத்தபோது காதில் வாங்கவில்லை. வெயில் ஏறியது. ஒன்பது. ஒன்பதே முக்கால். பத்து மணிக்குக் கத்தினேன்.
"ஆரோக்கியம்!"
கேட் உள்பக்கம் பூட்டு. எழுபது வயசுக்காரன், மதில் ஏறிக் குதித்தான். முழங்கால் தேய்ந்து ரத்தம். "அசையாதீங்க சார், அசையாதீங்க." ஆம்புலன்ஸ் வரும்வரை என் முகத்துக்கு மேல் துண்டை விரித்துப் பிடித்தபடி நின்றான். வண்டியில் போகும்போது நான் 'நலம்' அழுத்தியதை, ஏன் என்பதையும், அவனிடம் சொல்லிவிட்டேன். துண்டால் எனக்கு விசிறிக்கொண்டே வந்தான்.

ஏப்ரல் 16, வியாழன்
இன்றுதான் லீவு கிடைத்துக் கலா வந்தாள். வந்ததும் அவனைப் பார்த்துத்தான் கேட்டாள். "வாட்ச் அடிக்கலையா மாமா? எனக்குப் போனே வரலையே?"
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
"எனக்கு வந்துச்சும்மா. ஒனக்கு டவர் இல்லாம இருந்திருக்கும். அடிச்ச ஒடனே ஓடியாந்துட்டேன்."
ஒன்றரை மணி நேரம் நான் வெயிலில் கிடந்ததை அப்படியே விழுங்கிவிட்டான். வாயைத் திறந்தால் பொய் என்று நான் தெரு முழுக்கச் சொல்லி வைத்த ஆள்.
அவள் காபி வாங்கப் போனாள்.
"எதுக்குப் பொய்?" என்றேன்.
"என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்காம வெயில்ல கெடந்தீங்கன்னு, பெத்த புள்ளைகிட்ட சொல்லச் சொல்றீங்களா சார்?"
கட்டுப்போட்ட காலோடு நின்றுகொண்டே இருந்தான். பக்கத்தில் ஸ்டூல் காலி.
"உக்காருங்க," என்றேன்.